மாரி முடியும்வரை தாக்குப்பிடிக்க ஒரு கரவன் கூரை

கரவனின் கூரை ஒழுக்கு நின்றுவிட்டது. நிரந்தரமாக இல்லை. திருத்தவேலை செய்கிற பாஸ் வந்து கூரையின் அலுமினியப் பட்டியைக் கழற்றி, உக்கின மரச்சட்டத்தை மாற்றும்வரை தாங்கும் அளவுக்கு நின்றிருக்கிறது. கார்த்திகை அடைமழை விடிய விடியக் கொட்டியும் சீலிங்கில் புதிதாக ஓர் ஈரமும் இல்லை. செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். கடற்கரையோரம் இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு மழைக்குப் பயந்திருப்பவர்களுக்கு உதவும்.

கரவன் என்றதும் வான் என்று நினைக்கவேண்டாம். இது காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற வீட்டு வண்டி. ஐரோப்பாவில் செய்தது, நல்ல பழசு. உடம்பு 5 மீற்றர் நீளம், 2.1 மீற்றர் அகலம். உப்புவெளியில் எங்கள் வளவில் நிற்கிறது. சித்திரையிலிருந்து புரட்டாதிவரை பயணிகள் வந்து தங்குவார்கள். கடல் அரை கிலோமீற்றர்கூட இல்லை. திருகோணமலைக்கு வருடத்தில் விழும் மழையில் பாதிக்கும் மேல் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் விழுந்துவிடும். எங்களுக்கு வருமானம் இல்லாத அந்த மாதங்களில்தான் வண்டிக்குச் சோதனை.

அமைப்பைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். உள்ளே மரச்சட்டம். அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை), உள்பக்கம் 3 மில்லிமீற்றர் பிளைவுட். இரண்டு தகடு சேருகிற இடத்தில் ஒரு அலுமினியப் பட்டியை வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருப்பார்கள். பட்டிக்குக் கீழே இறுகாத ஒருவகைப் பசை. ஸ்க்ரூத் தலைகளை மூட நீளமாக ஒரு பிளாஸ்ரிக் நாடா. தண்ணீரை மறிப்பது அந்தப் பசைதான். அது காய்ந்து வெடித்தால் பட்டி இருந்தும் பயனில்லை. 5 மீற்றர் அலுமினியம் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீற்றர் நீளும். எங்கள் வெயிலில் ஒவ்வொரு நாளும் நீண்டு, ஒவ்வொரு இரவும் சுருங்குகிறது. உப்புக்காற்றில் இரும்பு ஸ்க்ரூவும் கறள் பிடிக்கிறது. பழைய வண்டி இந்த இடத்தில் ஒழுகுவது ஆச்சரியமே இல்லை.

ஒழுக்கு தெரிந்தது பின்பக்கக் கட்டிலுக்கு மேலே, சீலிங் லைற்றடியில். லைற்றைச் சுற்றிப் பழுப்பு வட்டம், தொட்டால் பிளைவுட் அமுங்கியது. முதல் வேலையாகக் கரண்டை நிறுத்தினேன். வெளியிலிருந்து வரும் 230 வோல்ற் வயரைக் கழற்றி, பற்றறிப் பக்கத்து 12 வோல்ற் பியூஸையும் பிடுங்கி எடுத்துவிட்டுத்தான் லைற்றில் கை வைத்தேன். லைற்றைக் கழற்றியதும் தண்ணீர் நூலாக இறங்கியது. இன்னொரு இடத்தில் சீலிங் வயிறு தள்ளி நின்றது. அதன் அடி நுனியில் 3 மில்லிமீற்றர் துளை போட்டு வாளியை வைத்தேன். ஒன்றரை லீற்றருக்கு மேல் வந்தது. துளை போட மனம் வராது, ஆனால் போடத்தான் வேண்டும். தேங்கி நிற்கிற தண்ணீர் அந்தப் பாரத்தில் முழுப் பலகையையும் இழுத்துக்கொண்டு விழும். சின்னத் துளையைப் பிறகு பாஸ் அடைத்துவிடுவார். மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றையும் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுபோனோம். அலுமாரிக் கதவுகளைத் திறந்து விட்டோம்.

அன்றிரவுக்குத் தறப்பாள்தான். 18 அடிக்கு 12 அடி, நீலம். கரவனுக்கு மேலே போட்டுக் கீழே கயிறு கொடுத்துக் கட்டினோம். மழையை மறித்தது, ஆனால் காற்று அதைச் சும்மா விடவில்லை. வாடைக்காற்றில் இரவு முழுக்கப் படபடவென்று அடித்து, காலையில் பார்த்தால் முன் மூலையில் பெயின்ற் தேய்ந்து வெள்ளைத் தகடு தெரிந்தது. பிறகு மூலைகளுக்குப் பழைய சைக்கிள் ரியூப்பும் தும்புச் சாக்கும் சுற்றி, ஓரங்களில் மணல் நிரப்பிய 5 லீற்றர் கான்களைத் தொங்கவிட்டோம். அப்போது படபடப்பு அடங்கியது. என்றாலும் நாள்கணக்கில் விடக்கூடிய ஏற்பாடு இல்லை அது. கீழே ஈரம் அடைபட்டு வியர்க்கிறது. 2020 டிசம்பர் 2 அன்று புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதைப் பார்த்தவர்கள் ஒரு தறப்பாளை நம்பி மாரியைக் கடத்த நினைக்கமாட்டார்கள். தறப்பாள் ஓர் இரவுக்கு, அல்லது மழை விடும்வரைக்கு. அவ்வளவுதான்.

பாஸுடன் போனில் கதைத்தேன். படங்களும் அனுப்பினேன். "தம்பி, இந்த மழைக்குள்ள கூரையைத் திறக்க ஏலாது. திறந்தால் உள்ள மரமெல்லாம் நனைஞ்சு போகும். தைப்பொங்கல் கழிய வாறன். அதுவரைக்கும் தண்ணி உள்ள போகாமப் பாருங்கோ. ஆனால் சிலிக்கன் பசை மட்டும் அடிச்சுப் போடாதேங்கோ" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற எல்லாம் செய்தேன். தற்காலிகமாகப் போடுவது, பிறகு வருகிறவர் சுத்தமாகக் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும்.

அடுத்தது, எங்கே ஒழுகுகிறது என்று பிடிப்பது. இதில்தான் நேரம் போனது. லைற்றுக்கு முன்னால் ஒரு மீற்றரில் 40 சென்ரிமீற்றர் சதுரக் கூரை யன்னல் ஒன்று இருக்கிறது. எல்லாரும் அதைத்தான் காட்டினார்கள், எனக்கும் அப்படியே பட்டது. சுற்றிலும் ரேப் ஒட்டினேன். அடுத்த மழைக்கு லைற்றடியில் அதே சொட்டு. கிடைத்த பாடம்: சொட்டுகிற இடம், தண்ணீர் வெளியே வர ஓட்டை கிடைத்த இடம் மட்டும்தான். உள்ளே புகுந்த இடம் வேறெங்கோ இருக்கும்.

பிறகு ஹோஸ் பைப்பை எடுத்தேன். மெல்லிய ஓட்டம் போதும். காரைக் கழுவுகிற வேகத்தில் அடித்தால் மழை ஒருபோதும் போகாத இடத்துக்கும் தண்ணீர் போய், இல்லாத ஒழுக்கைக் காட்டும். தொடங்க வேண்டியது தாழ்ந்த பக்கத்திலிருந்து. மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லாப் பொருத்தையும் நனைத்துவிடும், எது என்று சொல்ல முடியாது. எங்கள் வண்டி பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நின்றது. ஆகவே பின் பொருத்து, பிறகு இடது விளிம்பு, வலது விளிம்பு, கூரை யன்னல் என்று ஒவ்வொன்றுக்கும் கால் மணித்தியாலம் விட்டேன். மச்சான் உள்ளே ரோச் லைற்றோடு படுத்திருந்தான். யன்னல்வரை ஒன்றுமே இல்லை. முன்பக்கம், கூரையும் முகப்பும் சேருகிற குறுக்குப் பட்டிக்குப் போனதும் கொஞ்சநேரத்தில் "மச்சான், வருது!" என்று கத்தினான். பட்டியிலிருந்து லைற் மூன்று மீற்றருக்கு மேல் தூரம். தகட்டுக்கும் ரிஜிபோமுக்கும் இடையில் சட்டத்தோடு ஓடி, யன்னல் பொந்தைச் சுற்றி, லைற் ஓட்டையால் இறங்கியிருக்கிறது.

சந்தேகம் தீர இன்னொரு சோதனையும் செய்தேன். ஏசி சேர்விஸ் செய்கிற தம்பி ஒருவரிடம் புளோவரை இரவல் வாங்கினேன். காஸ் சிலிண்டரை மூடிக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, தரையிலும் கூரையிலும் இருக்கும் காற்றுத் துவாரங்களைத் தற்காலிகமாக ரேப்பால் மூடினேன். ஒரு யன்னலில் மட்டையை அடைத்து, அதன் ஓட்டையால் புளோவர் காற்றை உள்ளே விட்டோம். வெளியே பட்டி நெடுகப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினேன். பட்டியின் இடது பாதியில் மூன்று இடங்களில் குமிழி கிளம்பியது, மூன்றும் ஸ்க்ரூத் தலைகளில். பிளாஸ்ரிக் நாடாவை இழுத்ததும் தெரிந்தது, இரண்டு ஸ்க்ரூவின் தலை கறளாகி உதிர்ந்தே போயிருந்தது. சோதனை முடிந்ததும் மூடின காற்றுத் துவாரங்களைத் திறந்துவிட வேண்டும். காஸ் அடுப்பு இருக்கிற வண்டியில் அவற்றை மூடியபடி விட்டால் உயிருக்கே ஆபத்து.

பட்டி கூரையைவிட ஒரு மூன்று நான்கு மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கிறது. பின்பக்கம் தாழ்ந்திருந்ததால் முகப்பில் விழுந்த மழை பின்னால் வந்து, பட்டியில் முட்டித் தேங்கியிருக்கிறது. அதனால் ரேப் போடுவதற்கு முன்பே முன்பக்கத்தைத் தாங்குகிற சின்னச் சில்லின் கைப்பிடியைச் சுற்றி, வண்டியின் மூக்கை 4 சென்ரிமீற்றர் பதித்தேன். தேங்கின தண்ணீர் முன்னால் வடிந்தது. காசில்லாமல் செய்த இந்த ஒரு வேலையே பாதி ஒழுக்கைக் குறைத்தது. ஒழுகுகிற கரவன் வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று பார்த்து, வண்டியைச் சாய்த்துவிடுங்கள்.

இனி எதைப் பூசுவது என்ற கேள்வி. பக்கத்துவளவு அண்ணை மீன்பிடி வள்ளங்களுக்குப் பைபர் வேலை செய்கிறவர். "ஒரு பைபர் மட் விரிச்சு ரெசின் அடிச்சு விடுவம் தம்பி, பிறகு நீ பேரப்பிள்ளை காலம்வரைக்கும் பார்க்கத் தேவையில்லை" என்றார். வள்ளத்தில் அவர் கைவேலையை நான் அறிவேன், நல்ல வேலை. ஆனால் நீண்டு சுருங்குகிற அலுமினியத் தகட்டில் விறைப்பான பைபர் நாளடைவில் ஓரத்திலிருந்து கிளம்பும். அதோடு பாஸ் பட்டியைத் திறக்க வந்தால் வாளால் அறுக்க வேண்டிவரும். விளக்கிச் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

சிலிக்கனை ஏன் விலக்கச் சொன்னார் என்பது பட்டியைச் சுத்தம் செய்யும்போது விளங்கியது. எங்களுக்கு முன் வைத்திருந்தவர் யாரோ பட்டியின் இரு பக்கமும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சிலிக்கன் இழுத்திருந்தார். அது ஓரத்தில் கிளம்பி, அதற்குள்ளேயும் தண்ணீர் நின்றது. சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுவழுப்பு மிஞ்சுகிறது. அதன் மேல் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. வினாகிரி மணம் வருகிற வகை என்றால் உலோகத்தையும் அரிக்கும். பொலியூரித்தேன் பசை நல்ல சாமான், ஆனால் ஒட்டினால் ஒட்டினதுதான். நிரந்தர வேலைக்கு அதைப் பாஸ் போடட்டும் என்று விட்டேன்.

நான் எடுத்தது பியூட்டைல் ரேப். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் இறுகாத பிசின். 10 சென்ரிமீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம். இதில் ஒரு எச்சரிக்கை. ஹாட்வெயார் கடையில் இதே தோற்றத்தில் தார் ரேப்பும் இருக்கிறது, விலை அரைவாசி. சுருளின் ஓரத்தை மணந்து பார்த்தால் தார் மணம் தெரியும். எங்கள் வெயிலில் அது இளகி வழியும், பெயின்றிலும் கறை பிடிக்கும். பெட்டியில் பியூட்டைல் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மழை விட்ட ஒரு காலை வேலையைத் தொடங்கினோம். கூரையில் ஏறவில்லை, மெல்லிய தகடு, கால் வைத்தால் பள்ளம் விழும், உக்கின சட்டம் முறியவும் கூடும். விரிக்கும் ஏணியை இரண்டு பக்கமும் மாற்றி வைத்தால் 2.1 மீற்றர் அகலத்தின் நடுவை இரு பக்கத்திலிருந்தும் எட்டலாம். முதலில் உப்புப் போகக் குழாய்த் தண்ணீரால் கழுவினேன். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், எங்கள் பக்கம் அதுவும் உவர். பிறகு சோப்பு, மறுபடி தண்ணீர். சிலிக்கனைப் பிளாஸ்ரிக் அட்டையால் சுரண்டினேன். இரும்புத் தகடு பெயின்றைக் கிழிக்கும். கடைசியில் பாமசியில் வாங்கின சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். தின்னரைக் கூரைப்பக்கம் கொண்டுபோகவே கூடாது. கரவன் யன்னல்களும் கூரை யன்னலும் பிளாஸ்ரிக். தின்னர் பட்டால் மயிரிழை வெடிப்பு விழும், பிறகு அதுவும் ஒழுகும்.

துடைத்தும் பட்டி விளிம்பில் ஈரம் கசிந்தது. தலைமயிர் காயவைக்கும் டிரையரால் மெதுவாகச் சூடு காட்டி, வெயிலும் ஏறவிட்டு, தகடு கைக்கு இளஞ்சூடாக வந்த பிறகுதான் ஒட்டினேன். ஈரத்தில் பியூட்டைல் பிடிக்காது. முதலில் ரேப்பில் கொஞ்சம் வெட்டி, பிசினை மட்டும் பிரித்து உருண்டையாக்கி, தலை போன ஸ்க்ரூ ஓட்டைகளில் அழுத்தினேன். அடுத்தது நீளப்பாட்டுக்கு ஒட்டுவது. பட்டி 3 சென்ரிமீற்றர், இரு பக்கமும் பழைய சிலிக்கன் தடம் சேர்ந்தால் 9 சென்ரிமீற்றர். ஒற்றை ரேப் ஒட்டினால் அது முழுக்கச் சிலிக்கன் தடத்தில்தான் உட்காரும். ஆகவே இரண்டு வரி. மூக்கைப் பதித்ததால் தண்ணீர் இப்போது முன்னால் ஓடுகிறது. முன்வரியை முதலில் ஒட்டி, பின்வரியை அதன் மேல் 4 சென்ரிமீற்றர் ஏறும்படி ஒட்டினேன், ஓடு வேய்கிற மாதிரி. மொத்தம் 16 சென்ரிமீற்றர் மூடியது, இரு ஓரமும் சுத்தமான தகட்டில் பிடித்தது. பக்கங்களில் 15 சென்ரிமீற்றர் கீழே மடித்து இறக்கினேன். கத்தரிக்கோலால் மூலைகளை வட்டமாக வெட்டிவிட வேண்டும், கூரான மூலைதான் முதலில் கிளம்பும்.

ஒட்டியதோடு வேலை முடியாது, அழுத்துவதில்தான் இருக்கிறது. குசினியிலிருந்து சப்பாத்தி உருட்டுகிற கட்டையை எடுத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினேன். பட்டியின் படி விழுகிற இடத்தில் ரேப் கூடாரம் மாதிரி தூக்கி நிற்கப் பார்க்கும். அங்கே ஐஸ்கிரீம் குச்சியின் வட்ட முனையால் தேய்த்து உள்ளே இறக்கினேன். பின்னேர வெயில் ஏறினபோது இன்னொருமுறை உருட்டினேன். சூட்டில் பிசின் இன்னும் நன்றாகப் படிந்தது.

உள்ளே காயவைப்பது இதைவிட நீண்ட வேலை. மாரிக்காலக் காற்றே ஈரம், விசிறியை மட்டும் போட்டால் ஈரத்தைச் சுற்றிச் சுற்றி விடுகிறது. கரண்ட் வேலையைச் சரிபார்ப்பித்த பிறகு, வண்டியிலிருக்கும் சின்ன ஏசியை ‘டிரை’ நிலையில் இரவில் ஓடவிட்டோம். வெயில் வந்தால் எல்லாக் கதவையும் திறந்து விசிறி. மரத்தின் ஈரத்தை அளக்க இரண்டு ஊசி வைத்த மீற்றர் ஒன்று வாங்கினேன். தொடக்கத்தில் லைற்றடி 38 வீதம், யன்னலின் முன் விளிம்பு 31, பட்டிக்கு நேர்கீழே 34. நனையாத அலுமாரிக்குள் 16 காட்டியது. அதைத்தான் ஒப்பிடுகிற அளவாக வைத்துக்கொண்டேன். இந்தக் காலத்தில் நல்ல மரமே அவ்வளவு காட்டும்போது 12க்கு ஆசைப்பட்டுப் பயனில்லை. இப்போது லைற்றடி 21, யன்னல் விளிம்பு 18. பட்டிக்குக் கீழே 27இலேயே நிற்கிறது. அங்கே சட்டம் உக்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது.

செலவு: ரேப் 4,800 ரூபா, தறப்பாள் 6,500, கயிறு 600, ஸ்பிரிட் 450, ஈரமானி 3,500. மொத்தம் 15,850 ரூபா. பாஸ் படங்களைப் பார்த்தே ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாது என்றிருக்கிறார், மரத்தைத் திறந்து பார்த்த பிறகு கூடலாம். மழை முழுக்க ஒழுகவிட்டிருந்தால் சீலிங் முழுவதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

ரேப்பில் பட்டிக்கு 4.8 மீற்றர், கூரை யன்னலுக்கு 2.4 மீற்றர் போனது. மிச்சம் கிடக்கிறது. யன்னலைச் சுற்றி ஒட்டினதைக் கழற்றவில்லை, மூடி திறக்கிற இடத்தையும் காற்று போகிற துவாரத்தையும் அது மறைக்கவில்லை.

அடுத்த முறை மாற்றுவது: ஆவணியில், கச்சான் காற்றில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போதே பிளாஸ்ரிக் நாடாவைக் கழற்றி எல்லா ஸ்க்ரூவையும் பார்ப்பேன். ரேப்பையும் அப்போதே வாங்கி வைப்பேன். மழை தொடங்கின பிறகு ரவுணில் பியூட்டைல் கிடைக்காமல் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. தறப்பாளுக்குக் கீழே கழிந்த அந்த நாட்களில்தான் மரம் கூடுதலாக ஊறியது. சொட்டுகிற இடத்தில் எதையும் ஒட்டுவதற்கு முன் ஹோஸ் பைப் சோதனையைச் செய்வேன். ஈரமானியையும் முதல் நாளே வைத்து, அளவுகளைச் சீலிங்கிலேயே பென்சிலால் எழுதுவேன்.

பாஸுக்காக ஒரு தாளில் கூரையை வரைந்து, குமிழி வந்த மூன்று இடம், தலை போன ஸ்க்ரூ, நான் துளை போட்ட இடம், ஈர அளவுகள் எல்லாவற்றையும் குறித்து அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ரேப்பைக் கழற்ற டிரையரால் சூடு காட்டி ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தால் வரும். மிஞ்சுகிற பிசினை, அதே ரேப்பின் ஒரு துண்டைப் பந்தாக்கி ஒற்றி ஒற்றி எடுக்கலாம். இதையும் அந்தத் தாளின் அடியில் எழுதியிருக்கிறேன்.